கரண்ட் வைப்பதற்கு முன்னால் இவ்வளவு ஸ்கேனா?

சித்திக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். அதனால் இந்த முறை ஊருக்குப் போனபோது விடுமுறையில் பாதி கதிர்வீச்சுப் பிரிவின் வாசலிலேயே கழிந்தது. போன அன்றே கரண்ட் வைத்துவிடுவார்கள், அதாவது கதிர்வீச்சு கொடுத்துவிடுவார்கள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். இன்னொரு ஸ்கேன் எடுத்து, "பிளான் போட்டதும் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பியதும் சித்தப்பாவுக்குக் கோபம். "அதான் எம்ஆர்ஐ, பெட் சிடி எல்லாம் எடுத்தாச்சே!"

கட்டி பக்கத்துத் திசுவுக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பெட் சிடி. அன்று எடுத்த இன்னொரு ஸ்கேன், சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான சிமுலேஷன் சிடி. அது வேறு. சிகிச்சைக்குப் படுக்கும் அதே நிலையில், தட்டையான மேசையில் படுக்கவைத்து எடுத்து, தோலில் புள்ளி வைக்கிறார்கள். கதிர் அளவைக் கணக்கிடுவது இந்தப் படத்தில்தான். கட்டி, சிறுநீர்ப்பை, மலக்குடல் என்று ஒவ்வொரு படத்திலும் டாக்டர் எல்லை வரைய வேண்டும். அப்புறம் இயற்பியலாளர் கணக்குப் போட வேண்டும். நாள் ஆகத்தான் செய்யும்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். சிறுநீர்ப்பை நிறைவதைப் பொறுத்துக் கருப்பை இடம் மாறும். பை நிறைந்திருந்தால் சிறுகுடலும் கொஞ்சம் விலகி நிற்கும். ஆகவே ஸ்கேன் அன்று இருந்த அளவு தினமும் இருக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சித்தி கழிவறைக்குப் போய்விட்டு வந்து மேசையில் ஏறிப் படுத்தார். இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மறுபடி காத்திருப்பு. நான் இருக்கும் நாட்டில் இதையெல்லாம் தாளில் அச்சடித்து முன்பே கொடுத்துவிடுகிறார்கள். இயந்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வெளியிலிருந்து 25 தடவை, மொத்தம் 45 கிரே (கதிர் அளவின் அலகு). அதற்குப் பிறகு உள் கதிர்வீச்சு, அதாவது உடலுக்குள்ளிருந்தே கதிர் கொடுப்பது. மயக்கம் கொடுத்து, கருப்பைக்குள் கருவியைப் பொருத்தி, அது உள்ளே இருக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதற்குள் கட்டி சுருங்கியிருக்கும் அல்லவா? மிச்சம் இருப்பதைப் பார்த்து அளவை வடிவமைக்கலாம், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போவதைக் குறைக்கலாம். முன்பெல்லாம் எக்ஸ்ரே படத்தில் 'ஏ' என்று ஒரு புள்ளி குறித்து, எல்லோருக்கும் அதை வைத்தே கணக்கு. எம்ஆர்ஐ வைத்துத் திட்டமிடும் முறைக்கு ஐரோப்பிய நிபுணர் குழுவின் பரிந்துரைகள் 2005இல் வந்தன.

எல்லா இடத்திலும் உள் கதிர்வீச்சின் ஒவ்வொரு தடவைக்கும் எம்ஆர்ஐ நேரம் கிடைக்காது. முதல் தடவைக்கு எம்ஆர்ஐ, மற்றவற்றுக்கு சிடி என்றும் செய்கிறார்கள், அது மோசமில்லை. ஆனால் மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிவது நல்லது. வெளிக் கதிர்வீச்சு பாதியில் இருக்கும்போதே உள் கதிர்வீச்சுக்கும் எம்ஆர்ஐக்கும் சேர்த்துத் தேதி கேட்டு வாங்கிவிடுங்கள்.