ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஒரே பெட்டியில்: எட்டு மாதம் வைத்திருந்த பிறகு

என் வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்தது. கார் ஓட்டுவதில் சிரமமில்லை. ஆனால் வெடுக்கென்று எதையும் இழுக்கவோ முறுக்கவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் முன் டயர் பஞ்சராகி, வண்டியை ஓரம் கட்டினேன். காரோடு வந்த எல் வடிவ ஸ்பேனரை நட்டில் மாட்டி இடது கையால் அழுத்திப் பார்த்தேன். ஒரு இம்மி அசையவில்லை. முக்கால் மணி நேரம், யாராவது வண்டியை நிறுத்துவார்களா என்று நானும் என் மகளும் நின்றுகொண்டிருந்தோம். அன்று ராத்திரியே தேடத் தொடங்கி வாங்கியதுதான் இந்தப் பெட்டி.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் மோட்டார் வைத்த கத்தரி ஜாக்கி ஒன்று, நட்டுக் கழற்றும் இம்பேக்ட் ரெஞ்ச் ஒன்று. இரண்டுமே காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. நட்டின்மேல் மாட்ட, இரண்டு பக்கமும் பயன்படுகிற சாக்கெட் இரண்டு: ஒன்றில் 17-ம் 19-ம், இன்னொன்றில் 21-ம் 23-ம் மில்லிமீட்டர். இவை போக, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வயர், பேட்டரியில் நேராக மாட்ட முதலைக் கிளிப், மோட்டார் மக்கர் செய்தால் கையால் சுற்ற ஒரு கம்பி, உதிரி ஃபியூஸ். இதே அமைப்பில் பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் நான் சொல்லப்போவது பெயரைப் பற்றி இல்லை, இந்த மாதிரிப் பெட்டியைப் பற்றி.

ஜாக்கியிலிருந்து தொடங்குகிறேன். அதன் மேல் எனக்குக் குறையே இல்லை.

தாழ்ந்த நிலையில் 15.5 சென்டிமீட்டர், முழுக்க எழும்பினால் 45. பொத்தானை அழுத்தியதும் தலை மெல்ல எழும்பி, காரின் அடி விளிம்பைத் தொடும். அந்த இடத்தில் விரலை எடுத்துவிடுங்கள். குனிந்து, தலைமேல் இருக்கிற ரப்பரின் பள்ளத்தில் காரின் விளிம்புத் தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், அந்த விளிம்பில் இரண்டு சிறு வெட்டு இருக்கும். ஜாக்கி வைக்க வேண்டியது அவற்றுக்கு நடுவில். சரியாக உட்கார்ந்த பிறகு மறுபடி அழுத்தினால், தரையிலிருந்து டயர் விடுபட என் காருக்கு 1 நிமிடம் 40 வினாடி ஆகிறது. மகள் போனில் நேரம் பார்த்துச் சொன்ன கணக்கு இது.

முதல் கொஞ்ச நேரம் மோட்டார் முனகும். பயப்பட வேண்டாம். கத்தரி ஜாக்கியின் இயல்பே அதுதான். ஜாக்கியின் கத்தரிக் கைகள் ஏறக்குறைய படுத்திருக்கும்போது குறுக்கே போகும் திருகுக்கு வேலை மிக அதிகம். கை தரையோடு 15 டிகிரியில் இருந்தால், மேலே இருக்கிற எடையைப் போல 3.7 மடங்கு விசையில் திருகு இழுத்தாக வேண்டும். 45 டிகிரிக்கு வந்துவிட்டால் எடையும் இழுவிசையும் சமம். அதனால்தான் போகப்போகச் சத்தம் தணிகிறது. ஆனால் ஏறும் வேகமும் குறைந்துவிடும். கையால் சுற்றுகிற ஜாக்கியில் முதல் இருபது சுற்றுக்கே மூச்சு வாங்குவதற்கும் காரணம் இதுதான். என் மணிக்கட்டு தாங்காத அந்த முதல் இருபது சுற்றை மோட்டார் எடுத்துக்கொள்கிறது. கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது.

பெட்டிமேல் 3 டன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் கார் மொத்தமே ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும். ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கிமேல் வருவது அதில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது அடித்தட்டைப் பற்றி. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும் அந்தத் தட்டு, மண்ணில் வைத்தால் ஒரு பக்கமாக அமுங்குகிறது. ஒரு அங்குல கனத்தில் பலகைத் துண்டு ஒன்றை அறுத்து வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியோடு இதையும் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. காற்றில்லாத டயரைக் கழற்றப் போதுமான உயரம், காற்றடைத்த ஸ்டெப்னியை மாட்டப் போதாது. டயர் தரையை விட்டதும் நிறுத்திவிடாமல் இன்னும் நான்கு விரல்கடை ஏற்றிவிடுங்கள்.

சரி, இப்போது மின்சார விஷயம். மூன்றாவது முறை பயன்படுத்தியபோது, டிக்கி நிறைய சாமானோடு பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் ஜாக்கி நின்றுவிட்டது. லைட்டர் துளையின் ஃபியூஸ் போயிருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜாக்கியின் தகட்டில் 12 வோல்ட், 15 ஆம்பியர் என்று இருக்கிறது. அதாவது 180 வாட். என் காரின் லைட்டர் துளை மூடியிலோ 120 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. பளு குறைவாக இருந்த முதல் இரண்டு முறை தப்பித்துவிட்டது, அவ்வளவுதான். வாங்குவதற்கு முன்னால் உங்கள் காரில் அந்த மூடியைப் பாருங்கள். ஃபியூஸ் போகிறதே என்று அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிடவும் கூடாது. உள்ளே ஓடும் வயர் அந்த அளவுக்குச் செய்யப்பட்டதில்லை, சூடேறி உருகிவிடும்.

அதற்கப்புறம் முதலைக் கிளிப்பைத்தான் பயன்படுத்துகிறேன். சிவப்பை பேட்டரியின் பிளஸ் முனையில் முதலில் மாட்டி, அப்புறம் கறுப்பு. என்ஜினை ஓடவிட்டுச் செய்தால் பேட்டரி இறங்காது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்த பிறகுதான் இது. ஆப்பு கையில் இல்லாவிட்டால் என்ஜினை அணைத்து, கியரில் விட்டுவிடுவேன். ஆனால் வயரின் நீளம் 3.5 மீட்டர்தான். பானெட்டிலிருந்து பின் சக்கரத்துக்கு இழுத்தால் விறைத்துக்கொண்டு நிற்கிறது. ரெஞ்சை நட்டுக்கு நேராகப் பிடிக்க வயர் எட்டவில்லை. இன்னும் ஒன்றரை மீட்டர் கூட்டிக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. இதை உண்மையான குறையாகவே சொல்கிறேன்.

அன்றைக்கு ஃபியூஸ் போனதும் கைக்கம்பிதான் காப்பாற்றியது. மகள் சுற்றினாள், பத்து நிமிடம். கம்பி மெலிசு, பிடி சிறிசு. ஆனாலும் வேலை செய்தது. கைக்கம்பி இல்லாத மின்சார ஜாக்கியை யாரும் வாங்காதீர்கள்.

இனி ரெஞ்ச். நான் பெட்டியை வாங்கியதே இதற்காகத்தான். ஆகவே இதைத்தான் அதிகம் சோதித்தேன்.

இது தொடர்ந்து முறுக்குகிற கருவி இல்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கனமான சக்கரம் இரண்டு மூன்று வினாடி வேகமெடுக்கும். பிறகு அந்த வேகம் மொத்தமும் ஒரே அடியாக நட்டின்மேல் இறங்கும். ஊ...ங் என்று இழுத்து, டக். மறுபடி ஊ...ங், டக். ஒவ்வொரு அடிக்கும் கருவி கையில் ஒரு உதை உதைக்கும். அந்த உதை சிறிசுதான். என் மணிக்கட்டுக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் எப்போது வரும் என்று தெரிந்து, கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். முதல் நாளே இறுக்கிப் பிடித்துவிட்டு ராத்திரி வலியில் தூங்காமல் கிடந்தேன்.

340 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்று போட்டிருக்கிறார்கள். நட்டை எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வீட்டில் இருக்கிறது. என் காரின் கையேடு சொல்கிற 110 நியூட்டன் மீட்டருக்கு நான்கு நட்டையும் முடுக்கிவிட்டு இதை மாட்டினேன். மூன்றாவது, நான்காவது அடியில் கழன்றது. 140-க்கு முடுக்கினேன். எட்டு அடி. சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் வேறொரு சக்கரத்தில் மாட்டினேன். டயர் மாற்றிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முடுக்கிவிட்ட சக்கரம் அது. ஊ...ங், டக். ஊ...ங், டக். மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சத்தம்தான் வருது. நட்டு அசையவே இல்ல.”

நாற்பது அடி எண்ணினேன். கருவியின் உடம்பு சுட்டது. நட்டு நட்டாகவே இருந்தது. சாலையோரத்தில் நிற்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் இப்படி முடுக்கிய நட்டுதான், வீட்டில் டார்க் ரெஞ்சால் பதமாக முடுக்கிய நட்டு இல்லை. நான் சோதித்த அளவில் அந்த 340 என்ற எண்ணை நம்பிக் கிளம்ப முடியாது.

பிறகு 60 சென்டிமீட்டர் நீளத்தில் சாதாரணப் பிடிக்கம்பி ஒன்றை வாங்கினேன். மோட்டாரும் இல்லை, வயரும் இல்லை. நட்டில் சாக்கெட்டை மாட்டி, கம்பியைத் தரைக்கு இணையாக, நட்டுக்கு இடப்பக்கமாக வைத்து, மறுமுனையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பைச் சாய்த்தேன். மணிக்கட்டை முறுக்கவே தேவையில்லை. ‘கிறீச்’ என்று ஒரு சத்தம், நட்டு விட்டது. கணக்கு எளிது. 60 சென்டிமீட்டர் முனையில் 30 கிலோ சாய்த்தால் ஏறக்குறைய 176 நியூட்டன் மீட்டர். காரோடு வருகிற ஸ்பேனரின் கை என் காரில் 25 சென்டிமீட்டர்தான். அதில் இதே முறுக்கு விசை வேண்டுமென்றால் 72 கிலோ அழுத்த வேண்டும். என் எடையே அவ்வளவு இல்லை.

அப்படியென்றால் ரெஞ்ச் வீணா என்றால், இல்லை. கம்பியால் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியில் ஏற்றிய பிறகு மிச்ச மரையை அது வழவழவென்று கழற்றிவிடுகிறது. மாட்டும்போதும் அப்படியே. விரலால் நான்கைந்து சுற்றுப் போட்டு, மரை நேராகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியை வைக்கிறேன். கோணலாகப் பிடித்த மரையில் அடி விழுந்தால் போல்ட்டே போய்விடும். என் காரின் நட்டில் கூம்பான பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். இருட்டில் இதைத் திருப்பிப் போடுவது சுலபமாக நடக்கும். எதிரெதிர் நட்டாக முடுக்கி, டக் சத்தம் இரண்டு கேட்டதும் நிறுத்திவிடுவேன். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு டார்க் ரெஞ்சால் 110. மறுநாளோ, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதுமோ இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

ரெஞ்சின் திசை மாற்றும் பொத்தானில் அம்புக்குறி மங்கலாக இருக்கிறது. வெள்ளை நெயில் பாலிஷால் ‘கழற்று’ பக்கம் ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.

இந்த ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் கையோ தலையோ நுழைக்காதீர்கள். இது சக்கரம் மாற்ற மட்டும். கழற்றின சக்கரத்தை அப்படியே காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுகிறேன். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல்தான் உட்காரும். மகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

வாங்கலாமா என்று கேட்டால்: கையிலோ தோளிலோ முதுகிலோ பிரச்சினை உள்ளவர்கள், வயதானவர்கள், இந்த ஜாக்கிக்காக வாங்கலாம். நட்டுக் கழற்றுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் நீளக் கம்பியும் சரியான சாக்கெட்டும் மட்டும் போதும். அதற்கு இந்தப் பெட்டி வேண்டியதில்லை.

கம்பி பெட்டிக்குள் அடங்கவில்லை. பழைய துண்டில் சுற்றி, பலகைத் துண்டோடு சேர்த்துக் கட்டி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன மாதம் பின் டயர் பஞ்சரானபோது என் மகள் அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் டார்ச் பிடித்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.