கச்சான் காற்றும் குடுவைச் செடியும்: திருகோணமலை வீட்டுக்குள் நெபந்தஸ் வளர்த்த அனுபவம்

திருகோணமலையில், இலை நுனியில் தொங்கும் குடுவையால் பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி, அதாவது நெபந்தஸ், வளருமா என்று கேட்டால் வளரும் என்றுதான் சொல்வேன். ஆனால் வீட்டுக்குள். "தண்ணீர் ஊற்றினால் போதும்" என்கிற நர்சரிக்காரர் பேச்சையும் நம்ப வேண்டாம், "கண்ணாடிப் பெட்டியும் பனிப்புகை விடுகிற மெஷினும் இல்லாமல் முடியவே முடியாது" என்கிற இணையத்துப் பேச்சையும் நம்ப வேண்டாம். உப்புவெளியில், கடலுக்கு நடை தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முன் அறையில் சில வருடங்களாக இவற்றை வைத்திருக்கிறேன். இரண்டு வென்ட்ராட்டா, ஒரு மிராண்டா. மூன்றுமே நெபந்தஸ் கலப்பினம். மூன்றுமே கொழும்புப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து, சாடி மாறி, குடுவை எல்லாம் காய்ந்து, மறுபடி தேறியவை.

இந்த ஊர் ஏன் இந்தச் செடிக்குக் கஷ்டம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கே உரிய நெபந்தஸ் ஒன்று இருக்கிறது, நெபந்தஸ் டிஸ்டிலட்டோரியா. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். லின்னேயஸ் 1753 இல் பெயர் வைத்தது இதற்குத்தான். அது இருப்பது தென்மேற்கு ஈரவலயத்தில்: சிங்கராஜா, காலி, இரத்தினபுரிப் பக்கம். உலர்வலயத்தில் அது கிடையாது. நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு முடிந்துவிடும். அப்புறம் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, ஈரமில்லாமல் வருகிறது. கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் காய்கிற காற்று. அந்தக் காற்றில் ஒரு பிற்பகல் வெளியே நின்றால் போதும், விரியக் காத்திருக்கும் இளங்குடுவை அப்படியே கருகிப்போகும். வீட்டுக்குள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். (சிங்கராஜாவில் இருந்து ஒன்றைப் பிடுங்கி வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது சட்டப்படி குற்றம். காட்டுச் செடி பிழைப்பதும் அரிது. நர்சரிக் கலப்பினம் எவ்வளவோ மேல்.)

சாடி மாற்றுவதுதான் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம். நர்சரியில் இருந்து வரும் செடி பெரும்பாலும் இறுகிப்போன தும்புத்தூளில் இருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் வேரைக் கழுவி, உதறி, நீவி விடுகிற வேலை வேண்டாம். நெபந்தஸ் வேர் கறுப்பாக, மெல்லியதாக, தொட்டாலே முறிகிற மாதிரி இருக்கும். பலர் அதை அழுகல் என்று நினைத்து வெட்டி எறிகிறார்கள். கறுப்புத்தான் அதன் இயல்பான நிறம். அழுகிய வேர் விரலுக்குள் கூழாகும், நாறும். நல்ல வேர் அப்படி ஆகாது. தானாக உதிர்கிற தூளை மட்டும் விட்டுவிட்டு, வேர்க்கட்டியை அப்படியே தூக்கி, ஓர் அளவு பெரிய பிளாஸ்டிக் சாடியில் வைக்க வேண்டும். மண்சாடி நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் உலர்ந்துவிடும், போதாததற்கு உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கலவைக்கு நான் போடுவது பொச்சுமட்டைத் துண்டு இரண்டு பங்கு, பேர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் பொரி) ஒரு பங்கு, ஸ்பாக்னம் பாசி ஒரு பங்கு, கொஞ்சம் சிரட்டைக்கரி. பூந்தோட்ட மண், மாட்டெரு, கொம்போஸ்ட் எதுவும் கிட்டவே வரக்கூடாது. சத்தில்லாத மண்ணில் வாழத்தான் இந்தச் செடி பூச்சி பிடிக்கவே கற்றுக்கொண்டது. பொச்சுமட்டை நமக்கு மலிவு, ஆனால் அதில் உப்பு இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே துண்டுகளை வாளியில் ஊறப்போட்டு, நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, ஊறிய தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் பார்ப்பேன். அளவு இறங்கி நிற்கும் வரை அது சாடிக்குப் போகாது. இந்த மீட்டர் பேனா அளவுதான் இருக்கும். இந்தப் பொழுதுபோக்கில் நான் வாங்கியவற்றுள் காசுக்கு முழுப் பெறுமதி தந்தது அது.

மாற்றி வைத்த பிறகு செடி முறைத்துக்கொண்டு நிற்கும். இருக்கிற குடுவைகள் மூடியில் தொடங்கிக் கீழ்நோக்கிக் காயும். அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகும். இலை நுனியில் கம்பி மாதிரி நீளும் தந்தில் தொங்கும் குடுவை மொட்டு அப்படியே நின்று, கறுத்து, உலர்ந்துபோகும். இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் பதறி உரம் போடுகிறார்கள், இடத்தை மாற்றுகிறார்கள், மறுபடி கிளறி வேரைப் பார்க்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். காய்ந்த குடுவை திரும்ப முளைக்காது, மொட்டு கருகிய இலையும் இன்னொரு குடுவை தராது. ஒரு இலைக்கு ஒரு குடுவை, அவ்வளவுதான். ஆகவே குடுவையைப் பார்த்துச் செடியின் சுகத்தை அளக்கக்கூடாது. பார்க்க வேண்டியது நடுக்குருத்தை. குருத்து பச்சையாக, உறுதியாக இருந்து, புது இலை ஒன்று மெதுவாகச் சுருள் பிரிகிறதா? அப்படியானால் செடி பிழைத்துவிட்டது. அடுத்த இலை முந்தினதைவிடப் பெரிதாக வந்தால் வேரும் பிடித்துவிட்டது. குடுவை அதற்கும் பிறகுதான். மாதக் கணக்காகும், அது வழக்கம்தான்.

பாதி காய்ந்த குடுவையை வெட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் பூச்சியில் இருந்து செடி இன்னும் சத்து எடுத்துக்கொண்டிருக்கும். முழுதாகப் பழுப்பானதும் குடுவையை மட்டும் வெட்டலாம், இலை பச்சையாக இருக்கும்வரை இருக்கட்டும். பஸ் பயணத்தில் திறந்த குடுவையின் நீர் கொட்டிப்போயிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மழைநீர் ஊற்றலாம். மூடி திறக்காத குடுவையைக் கிள்ளித் திறக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்களுக்குப் பொலித்தீன் பை நல்ல வேலை செய்கிறது. சாடியில் நாலு மூங்கில் குச்சி குத்தி, இலையில் படாமல் ஒளி புகும் பையைக் கவிழ்க்க வேண்டும். வெயில் படுகிற இடத்தில் மட்டும் வைக்கவே கூடாது, உள்ளே அவிந்துவிடும். புது இலை தெரிந்ததும் பையில் ஓட்டை போடத் தொடங்கி, பிறகு இரவில் எடுத்துவிட்டு, கடைசியில் முழுதாக எடுத்துவிடுவேன். சட்டென்று எடுத்தால் அதுவரை சொகுசாக வளர்ந்த இலை ஒரே நாளில் துவண்டுபோகும். மாற்றும் வேலையைக் கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொண்டால் பை வேலையில் பாதி குறைந்துவிடும், மழைக்காற்றே பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் குடுவை வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி வெளிச்சம் பற்றியது. ஈரப்பதம் இரண்டாவதுதான். கடலோர ஊரில் இரவு ஈரப்பதம் தானாகவே ஏறும், வீட்டுக்குள் வெளிச்சம் தானாக ஏறாது. இலை கரும்பச்சையாக, நீளமாக, தளர்ந்து தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. இலையில் லேசாகச் சிவப்பு ஓடினால் நல்ல வெளிச்சம். என் வென்ட்ராட்டா இரண்டும் கிழக்கு யன்னலில் காலை வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. வடக்கு யன்னல் பாதுகாப்பு என்று புத்தகங்கள் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. இங்கே சித்திரைப் புத்தாண்டு நேரத்தில் சூரியன் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு வடக்கே நிற்கிறது. கச்சான் வீசுகிற அதே மாதங்களில்தான் வடக்கு யன்னலுக்குள் நேர்வெயில் எட்டிப் பார்க்கும். அந்த யன்னலுக்கு வெள்ளைத் துணித்திரை கட்டாயம்.

மிராண்டா அறையின் உட்பக்கம் எல்ஈடி விளக்கின் கீழ் இருக்கிறது. ஊதா நிற விளக்கு வேண்டியதில்லை. 6500 கெல்வின் என்று போட்ட சாதாரண வெள்ளை எல்ஈடி ட்யூப், செடிக்கு ஓர் அடி மேலே, நாளுக்கு 12 மணித்தியாலம் போதும். ஊதா விளக்கின் கீழ் செடிக்கு நோயா இல்லையா என்றே தெரியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் விளக்கை நம்பாமல் மிராண்டாவையும் யன்னலுக்கு நகர்த்தினேன். இடம் மாறிய கோபத்தில் இரண்டு மொட்டை உதிர்த்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவே கொஞ்சம் சவர், செடிக்குச் சரிவராது. குழாய்த் தண்ணீரும் மீட்டரில் எனக்குத் திருப்தியாக வரவில்லை. 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருந்தால் நிம்மதி, 100 வரை சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. மாரியில் கூரைத் தண்ணீரை, முதல் மழையை ஓடவிட்டு, மூடியுள்ள பீப்பாயில் பிடித்தால் கச்சான் பாதி வரை தாங்கும். அதற்குப் பிறகு ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர். அது ஆவி குளிர்ந்து வந்த நீர் என்பதால் உப்புக் குறைவு. ஏசியைக் கழுவிய கையோடு வருகிற தண்ணீரை மட்டும் நான் எடுப்பதில்லை. ஊற்றும்போது மேலிருந்து, அடியால் ஓடும்வரை. வீனஸ் பூச்சிப்பொறிக்குச் சொல்கிற மாதிரி தட்டில் தண்ணீர் நிறைத்து அதில் சாடியை உட்கார வைத்தால் நெபந்தஸ் வேர் மூச்சு முட்டிவிடும்.

தட்டுத் தண்ணீருக்கு இன்னொரு எதிரியும் உண்டு: டெங்கு. நுளம்புப் பரிசோதனைக்கு வந்த பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடுவைகளுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள தண்ணி நிக்குதே தம்பி?" என்றார். செடி தானே சுரக்கிற நீர் ஐயா, பூச்சி விழுந்தால் சமித்துவிடும் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அவர் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது, குடுவைக்குள் வாழப் பழகிய நுளம்பு இனங்களும் உலகத்தில் உண்டு. வாரம் ஒருமுறை நானும் டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். தட்டுக்குப் பதில் கம்பி வலைத்தட்டு வைத்துவிட்டேன்.

பனிப்புகை விடுகிற அந்த மெஷின், ஹியூமிடிஃபயர், பற்றிக் கேட்பவர்களுக்கு: வாங்காதீர்கள். மழைநீர் ஊற்றாவிட்டால் இலை, மேசை, டிவி எல்லாம் வெள்ளைத் தூள் படியும். இருக்கிற மழைநீரை அதற்கு ஊற்றினால் செடிக்கு மிச்சமிருக்காது. என்னுடையது அலுமாரிக்கு மேலே ஓய்வெடுக்கிறது. மூன்று சாடிகளையும் நெருக்கி வைத்து, பக்கத்தில் இன்னும் இரண்டு இலைச்செடி வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது. ஏசிக் காற்றும் ஃபான் காற்றும் நேரே படாமல் பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை. கடற்காற்று கொண்டுவரும் உப்புப் படிவத்தை இடைக்கிடை மழைநீர்த் துணியால் இலையில் இருந்து துடைத்துவிடுவேன்.

சாப்பாடு? மூடியின் கீழ் சுரக்கும் தேனுக்கு வீட்டு எறும்பே வரிசையில் வந்து விழுகிறது. இறைச்சித் துண்டு போட்டால் குடுவை அழுகும். எறும்பு குறைந்த காலத்தில், நன்றாக நீர் உள்ள குடுவைக்கு ஒஸ்மோகோட் என்கிற, மெதுவாகக் கரையும் உர உருண்டை ஒன்றே ஒன்று போடுவேன்; மண்ணில் போடுவதே இல்லை. "வெள்ளிக்கிழமையிலயும் இது மச்சம் தின்னுமோ?" என்று அம்மம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் எங்கள் வீட்டில் பதில் இல்லை. மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும்.

மூன்றில் எதை வாங்கலாம் என்றால், முதல் செடியாக வென்ட்ராட்டா. அதன் தாய் தகப்பன் இரண்டும் பிலிப்பைன்ஸ் இனங்கள். வெயில், வறட்சி, பயணம், உரிமையாளர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறது. மிராண்டாவின் குடுவை பெரிது, பார்க்க அழகு, ஆனால் கச்சானில் அடிக்கடி மொட்டை இழக்கிறது. நுவரெலியாவில் பார்த்த அழகான மலைநாட்டு வகைகளுக்கு ஆசைப்பட வேண்டாம். அவற்றுக்கு இரவில் குளிர் வேண்டும். ஆடி மாத இரவில் நமக்கே அது கிடைப்பதில்லை.

வென்ட்ராட்டா வயதானால் கொடியாகி ஏறத் தொடங்கும், மேலே குடுவை சிறுத்து நின்றுவிடும். அப்போது கொடியை வெட்டிவிட்டால் அடியில் இருந்து புதுத் தளிர் வரும், அதில் மறுபடி பருத்த குடுவை. வெட்டிய கொடியை இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக்கி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரப்பாசியில் குத்திப் பையால் மூடினால் பலது வேர் விடுகிறது. அப்படி வந்த கன்றுகளை நிலாவெளியிலும் உவர்மலையிலும் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். மாரியில் கேட்டால் உடனே தருவேன். கச்சானில் கேட்கிறவர்கள் ஐப்பசி வரை பொறுக்க வேண்டும், யாராக இருந்தாலும் சரி.