இருபதில் டைசன், நாற்பத்தைந்தில் ஃபோர்மேன்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது அக்கா மகன் குத்துச்சண்டைப் பேச்சை எடுத்துக் கேட்டான்: "ஏனுங்க மாமா, டைசன் பெரிய ஆளுங்களா, ஃபோர்மேனுங்களா?"

மைக் டைசனை எல்லோருக்கும் தெரியும். 1986இல் அப்போதைய சாம்பியன் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றிலேயே சாய்த்தபோது வயது 20. ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலகப் பட்டம் வென்றவர்களில் அவரே இளையவர். உயரம் கம்மி, குனிந்து உள்ளே புகுந்து அடிப்பார். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோல்வி, 1992இல் சிறை, 1997இல் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த கூத்து. நம் பையன்களுக்கு அந்தக் காதுதான் நினைவிருக்கிறது.

எனக்குப் பிடித்தது ஜார்ஜ் ஃபோர்மேன் கதை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம். 1973இல் அப்போதைய சாம்பியன் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை கீழே தள்ளினார். அடுத்த வருடம் ஆப்பிரிக்காவில், கின்ஷாசா நகரில் முகமது அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே இவரைக் களைக்க வைத்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். 1977இல் விலகி மதபோதகர் ஆனார். பத்து வருடம் கழித்து, தான் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டி, மொட்டைத் தலையும் தொப்பையுமாகத் திரும்பினார். சிரித்தார்கள். 1994இல், 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்தவர் பத்தாவது சுற்றில் உலகச் சாம்பியன் மைக்கேல் மூரரை வலக்கைக் குத்தில் படுக்க வைத்தார். அப்புறம் இறைச்சி வாட்டும் கிரில்லுக்குத் தன் பெயரைக் கொடுத்து, சண்டையில் பார்த்ததைவிட அதிகக் காசு பார்த்தார்.

"மூணு சுற்றுக்குள் முடிந்தால் டைசன். இழுத்தால் ஃபோர்மேன்தான்" என்றேன்.

"உங்களுக்கும் நாற்பத்தஞ்சு ஆகுதுங்களே, அதான்" என்று சிரித்துவிட்டு, டீக்காசை என் தலையில் கட்டினான்.