கோட்டிங்கனிலிருந்து வார இறுதிப் பயணம்: எந்த ஊருக்கு எந்த வண்டி?

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவம் ஏட்டளவில் ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிடும். வகுப்புகள் பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து ஜூலையில் முடியும். அதற்குள் கிடைக்கும் வார இறுதிகள் மிகச் சில. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக் என்று பட்டியல் போட்டுவிட்டு அதன்பிறகு டிக்கெட் தேடுவதுதான் வழக்கம். முதலில் வண்டியைத் தீர்மானித்துவிட்டு, அது எட்டும் ஊர்களைத் தேடுவதே நல்லது என்பேன். நாட்டின் நடுவே இருக்கும் கோட்டிங்கனை வைத்து இதைப் பார்ப்போம். மார்பர்கிலோ டியூபிங்கனிலோ படிப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்னும் மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆனது. 2024 கோடைப் பருவத்திலிருந்து பல பல்கலைக்கழகங்கள் இதை ஏறக்குறைய அறுபது சதவீத விலையில் பருவக் கட்டணத்துடன் சேர்த்தே தருகின்றன. நாடு முழுவதும் வட்டார ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ என்னும் அதிவேக ரயில், ஐசி போன்ற நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. விசாவுக்காகப் பணம் போட்டுவைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாவற்றையும் ஓட்டும் மாணவருக்கு, சனிக்கிழமை காலை கூடுதலாக ஒரு காசும் கொடுக்காமல் வண்டி ஏற முடிவது பெரிய விடுதலை. மழை பிடித்துக்கொண்டால் வழியில் இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம், எதுவும் நஷ்டமில்லை.

இந்த டிக்கெட்டின் முழுப் பயனையும் காண விரும்புபவர் கோட்டிங்கனில் ஆர்இ 1 என்னும் வட்டார ரயிலில் ஏற வேண்டும். மியூல்ஹவுசன், கோதா, எர்ஃபுர்ட், வைமர், யேனா எல்லாம் ஒரே தடத்தில், வண்டி மாறாமல். இசைமேதை பாக் இளவயதில் ஆர்கன் வாசித்த ஊர் மியூல்ஹவுசன். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ரோப்ளிங் 1806இல் பிறந்ததும் அங்கேதான். எர்ஃபுர்ட்டில் வரிசையாக வீடுகளைச் சுமந்து நிற்கும் வணிகர் பாலத்தின் மேல் நடக்கும்போது கீழே ஆறு ஓடுவதே தெரியாது. வைமரில் கவிஞர் கோத்தேயின் வீட்டைப் பார்த்துவிட்டு 6ஆம் எண் பேருந்தில் ஏறினால் புஹன்வால்ட் வதைமுகாம் நினைவிடம். அதற்கும் இதே டிக்கெட் போதும். நினைவிடத்தில் நுழைவுக் கட்டணமும் இல்லை. வாயில் கோபுரக் கடிகாரம் 1945 ஏப்ரல் 11 அன்று முகாம் விடுதலையான நேரத்தில், மூன்றேகால் மணியில், நிறுத்தப்பட்டிருக்கிறது. வாயிற்கதவில் உள்ள ‘அவரவருக்கு உரியது அவரவருக்கு’ என்ற வாசகம் உள்ளே நின்று வாசிப்பதற்காகவே திருப்பிப் பொருத்தப்பட்டது. கைதிகள் தினமும் அதைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். இந்த இடத்தை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடக் கூடாது. அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

தமிழ் மாணவர்கள் ஹாலேயைத் தவறவிட வேண்டாம். வழியில் ஒருமுறை வண்டி மாறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர் அது. அவருடைய அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை வார்த்ததும் ஹாலேயில்தான். அங்குள்ள பிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பாரிஸ் பயணத்தைத் தள்ளிப்போட்டாவது இங்கே போகலாம்.

குறைகளும் உண்டு. பெர்லினுக்கு இந்த டிக்கெட்டில் போனால் ஐந்தாறு மணி நேரம் ஆகும், இடையிடையே மாற வேண்டும். இரண்டு நாளில் ஒரு நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். வண்டி தாமதமானால் ஐசிஇயில் ஏறிக்கொள்ளும் உரிமையும் இந்த டிக்கெட்டுக்குக் கிடையாது. மூன்று மணி நேரத்துக்குள் எட்டும் ஊர்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதற்கு அப்பால் ஐசிஇ. 1991இல் ஐசிஇ ஓடத் தொடங்கிய முதல் பாதையே கோட்டிங்கன் வழியாகச் செல்வதால், இவ்வூர் மாணவர்களுக்கு ஹாம்பர்க் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பெர்லின் இரண்டரை மணி நேரத்துக்குள். கடைசி நேரத்தில் வாங்கினால் விலை கையைச் சுடும். பல வாரங்களுக்கு முன் எடுக்கும் சேமிப்புக் கட்டணமோ பல நேரங்களில் பேருந்துக் கட்டணத்தை நெருங்கிவிடும். 27 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிச் சலுகை அட்டையும் உண்டு. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை வண்டிகளைத் தவிர்த்து, சனி அதிகாலை வண்டியைப் பிடிப்பது மேல்.

சேமிப்பு டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். ஆனால் போய்ச்சேரும் ஊரில் 20 நிமிடத் தாமதம் ஏற்படும் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். வேறு வண்டியில் போகலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். 2024இல் நெடுந்தூர வண்டிகளில் 62.5 சதவீதமே நேரத்துக்கு வந்தன என்பதால், இந்த விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. திங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வக வகுப்பு இருப்பவர் ஞாயிறு இரவின் கடைசி வண்டியை நம்பக் கூடாது.

நெடுந்தூரப் பேருந்துகள் 2013 ஜனவரியில் சந்தை திறக்கப்பட்ட பிறகு பெருகியவை. விலை குறைவு; முதல் நாள் வாங்கினாலும் ரயில் அளவுக்கு ஏறுவதில்லை. இரவுப் பேருந்தில் ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம். ஆனால் மறுநாள் பாதி தூக்கத்தில் அருங்காட்சியகம் சுற்றுவது எனக்கு உவப்பானதல்ல. பவேரியாவில் படிப்பவர்கள் பிராக் போவதற்குப் பேருந்தே ஏற்றது. அந்தப் பக்கத்து ரயில் பாதை மெதுவானது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை நடத்துவதால், கடவுச்சீட்டையும் தங்கும் அனுமதி அட்டையையும் அசலாகவே கையில் வைத்திருக்க வேண்டும். கைபேசிப் படம் போதாது.

மலிவு விமானம் வார இறுதிக்கு ஒத்துவராது. ஃபிராங்க்ஃபர்ட் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்நகரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பேருந்துக் கட்டணம், பெட்டிக் கட்டணம், வீணாகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு மறைந்துவிடும். லிஸ்பன், ஏதென்ஸ் போன்ற தொலைவான ஊர்களுக்கு, அதுவும் பெந்தெகொஸ்தே விடுமுறையில் நான்கைந்து நாள் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

என் தேர்வு இதுதான்: பெரும்பாலான சனிக்கிழமைகள் வட்டார ரயிலுக்கு, பெர்லின், ஹாம்பர்க், மியூனிக் மூன்றுக்கும் பருவத் தொடக்கத்திலேயே ஐசிஇ டிக்கெட், எல்லை தாண்ட ஒரே ஒரு பேருந்துப் பயணம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டைச் சந்தாவாக எடுத்தவர்கள் ஜூலை இறுதியில் ஊர் திரும்புவதாக இருந்தால், ஜூலை 10க்குள் ரத்து செய்துவிட வேண்டும். தவறினால் ஆகஸ்ட் மாதத் தொகையும் கணக்கிலிருந்து போய்விடும்.