அறைக்குள்ளா, விறாந்தைக் கரையிலா, பின்வளவிலா?

போன மாதம், இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிளான் கீறப் போயிருந்தேன். கால் ஏக்கர் வளவு. பழைய வீடு சண்டையோடு போய்விட்டது. இப்போது இருப்பது மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய்க்குக் கட்டின 550 சதுர அடி வீடு. அதைப் பின்பக்கமாக நீட்டி இரண்டு அறை கூட்ட வேண்டும். வீட்டுக்கார அம்மா, மகன், மருமகள், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். அறைகளின் அளவு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாத்றூம் எங்கே என்பதில் இரண்டு மணித்தியாலம் போனது. மகனுக்குத் தன் அறையோடு அற்றாச் பாத்றூம் வேண்டும். அம்மாவுக்கு அது வீட்டுக்குள் வரவே கூடாது. மருமகள் வாயே திறக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது என்னிடம் மெதுவாக ஒன்று மட்டும் கேட்டார்: "அண்ணை, கதவு எந்தப் பக்கம் பாத்து இருக்கும்?"

பிளான் கீறத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு. உள்ளா வெளியா என்றுதான் எல்லோரும் வாதாடுகிறார்கள். படுக்கையிலிருந்து எழும்பி, போய், திரும்பி வந்து படுக்கிற வழியில் யார் கண்ணில் பட வேண்டியிருக்கிறது, யாரை எழுப்ப வேண்டியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் எல்லா வகையையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

முதலில் அம்மாவின் கட்சி: பின்வளவில் தனிக் கக்கூஸ்.

அதைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் வளவுகளில் குளிப்பது கிணற்றடியில், கக்கூஸ் வேலிக்கரையில், படுக்கை வீட்டுக்குள் என்று மூன்றும் மூன்று இடமாக இருந்ததற்குக் காரணம் தண்ணீர். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று மேசன்மார் வாய்க்கணக்காகவே சொல்வார்கள். அவசரகால முகாம்களுக்கான சர்வதேச அளவுகோல் இன்னும் கடுமையானது: நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றர், அதாவது 100 அடிக்குக் கொஞ்சம் குறைவு. குழியின் அடி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும். கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 100 அடிக்கு 109 அடி. அந்த 100 அடியைப் பிடிக்க வேண்டுமென்றால் கிணறு ஒரு கரையிலும் குழி மறுகரையிலும் போக வேண்டும். பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். குளத்துக்குக் கீழே, வயலோடு ஒட்டிய காணிகளில் மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளுகிற உயரத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில்தான் நிற்கின்றன. முல்லைத்தீவுக் கரையோர மணலில் இன்னும் கவனம் வேண்டும். மணலில் தண்ணீர் நிற்காமல் ஓடும்.

காற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வைகாசியிலிருந்து சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். கக்கூஸைத் தென்மேற்கில் வைத்தால் மாதக்கணக்கில் மணம் வீட்டுக்குள்ளேதான். வடமேற்கில் வைத்தால் இரண்டு காற்றும் வீட்டைத் தொடாமல் குறுக்கே போய்விடும். வாயு மூலையில் வை என்று பெரியாட்கள் சொல்வது இந்த ஊர்க் காற்றுக்குப் பொருந்தியே வருகிறது. கிணறு ஈசான மூலையில் இருந்தால் தூரமும் கிடைத்துவிடும்.

ஆக, தண்ணீருக்கும் காற்றுக்கும் பின்வளவே நல்லது. ஆனால் இரவு என்று ஒன்று இருக்கிறதே.

விசுவமடுவில் எங்கள் வீட்டிலிருந்து கக்கூஸுக்கு முப்பது, நாற்பது எட்டு நடக்க வேண்டும். நடுவில் ஒரு வேம்பு. என் தங்கச்சி இரவில் எழும்பினால் முதலில் அக்காவின் காலைச் சுரண்டுவாள். "அக்கா, ஒருக்கா வாறியே?" அக்கா எழும்பி ரோர்ச்சைத் தேடுவார். பின்கதவுத் திறாங்கை இழுக்கிற சத்தத்துக்கு அப்பா இருமுவார். வாசலில் செருப்பைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, தேள் இல்லை என்று பார்த்து, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒளி அடித்துப் பார்த்து, ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. ஐந்து நிமிட வேலைக்கு வீட்டில் மூன்று பேர் விழித்திருப்போம். புடையன் பாம்பு நிற்கிற காலத்தில் அம்மாவும் எழும்புவார். இதற்குப் பயந்து பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தங்கச்சி தண்ணீர் குடிக்க மாட்டாள். அது எனக்கு அவள் கலியாணம் கட்டிப் போன பிறகுதான் தெரியும், அக்கா சொல்லித்தான். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்பிள்ளைகள் அப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. 2009 இல் சண்டை முடிந்த நேரம் முகாமில் கக்கூஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. விடிய முன்னம் இருட்டோடு போய்வந்துவிட வேண்டும் என்று பெண்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள்.

காட்டோரக் கிராமங்களில் யானையும் வரும். நெடுங்கேணிப் பக்கம் இரவில் முற்றத்தில் இறங்கவே யோசிக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த இடங்களில் பின்வளவுக் கக்கூஸைப் பகலுக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி மகனின் கட்சி: அறைக்குள்ளேயே பாத்றூம்.

அவர் கேட்பதில் பிழை இல்லை. காய்ச்சல்காரருக்கு, பிள்ளை பெற்று வந்தவருக்கு, மாதவிலக்கு நாட்களில், அடைமழையில் நாலு எட்டில் போய்வருவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. பாம்பும் இல்லை, ரோர்ச்சும் இல்லை, யாரையும் எழுப்பவும் வேண்டாம். ஆனால் இங்கே கட்டப்படுகிற அற்றாச் பாத்றூம்களில் பாதிக்கு மேல் மறைப்பைத் தருவதற்குப் பதிலாக உள்ளதையும் கெடுக்கின்றன.

முதல் காரணம் கூரை. எங்கள் வீடுகளில் அறைச் சுவர்கள் ஒன்பது அடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஓடோ சீற்றோ திறந்தபடி போகும். பாத்றூம் சுவரையும் அதே உயரத்தில் நிறுத்தினால் உள்ளே நடக்கிற எல்லாச் சத்தமும் சுவருக்கு மேலால் ஏறிக் கோலில், அதாவது முன் கூடத்தில், வந்து விழும். முன்விறாந்தையில் இருப்பவருக்கும் கேட்கும். ஒரு வீட்டில் மருமகள் உள்ளே போனால் முதலில் பைப்பை முழுக்கத் திறந்துவிடுவார், சத்தத்தை மறைக்க. மேலே தாங்கியில் இருக்கிற தண்ணீர் அப்படியே வீணாகப் போகும். கரண்ட் இல்லாத நாளில் மோட்டரும் ஓடாது, தாங்கியும் காலி. பிறகு கிணற்றிலிருந்து வாளியில் அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள்ளால் நடக்க வேண்டும். அற்றாச் கட்டுவதென்றால் அதற்கு மேலே கொங்கிறீட் தட்டு கட்டாயம் போட வேண்டும். தாங்கியை அந்தத் தட்டிலேயே வைக்கலாம், செலவு ஒரேயடியாக வீணாகாது. சுவருக்கு 4 அங்குலக் கல் வேண்டாம், 6 அங்குலக் கல் வையுங்கள். கட்டில் தலைமாட்டுக்கும் கொமட்டுக்கும் ஒரே சுவர் வரக் கூடாது. இடையில் அலுமாரி வருகிறமாதிரிப் பார்த்தால் சத்தம் குறையும். ஆனால் அலுமாரியைச் சுவரோடு ஒட்ட வேண்டாம், ஈரம் ஏறிச் சீலை பூஞ்சணம் பிடிக்கும். நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது காரணம் கதவு. கோலிலிருந்து அறைக் கதவு, அறைக் கதவுக்கு நேரே பாத்றூம் கதவு. இரண்டும் ஒரே கோட்டில் திறந்தால் கோலில் தேத்தண்ணி குடிக்கிறவர் நிமிர்ந்தால் கொமட்தான் தெரியும். மருமகள் கேட்டது இதைத்தான். குளித்துவிட்டுத் துவாயோடு வெளியே வருகிற ஒரு நொடியில் அறைக் கதவு திறந்தால்? பாத்றூம் கதவைப் பக்கச் சுவரில் வைத்து, முன்னால் 3 அடிக்கு ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினால் போதும், உடுப்பு மாற்றவும் ஓர் இடம் கிடைத்துவிடும். யன்னலை ஆறடிக்கு மேலே வைக்க வேண்டும், அடுத்த வளவுப் பாதைப் பக்கம் பார்க்காமல். இரவில் உள்ளே லைட் எரியும்போது தேய்த்த கண்ணாடியிலும் நிழல் விழும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். வீட்டுக்கு உள்ளே இருப்பதே ஒரேயொரு பாத்றூம், அதுவும் புதுத் தம்பதியின் அறைக்குள். கிளிநொச்சியில் அப்படி ஒரு வீட்டில் நான் இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். விடிய நாலரைக்கு மாமி கதவில் மெதுவாகத் தட்டுவார். தட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் கதவடியில் நிற்பார். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கோலில்தான் படுத்திருந்தேன். உள்ளே இருப்பவர்களுக்கும் வெட்கம், வெளியே நிற்பவருக்கும் வெட்கம். நான் முதல் நாளே சமாளித்துக்கொண்டு விடியும்வரை பொறுத்திருந்தேன். இதைவிட வேம்படிக் கக்கூஸ் எவ்வளவோ மேல்.

இடக் கணக்கும் உண்டு. 5 அடிக்கு 8 அடியில் ஒன்று என்றால் 40 சதுர அடி. இரண்டு அறைக்கும் கேட்டால் 80. 550 சதுர அடி வீட்டில் அது ஏழில் ஒரு பங்கு. குழாய்க்கும் சரிவு வேண்டும், அடிக்குக் கால் அங்குலம். குழி 60 அடி தள்ளி என்றால் 15 அங்குலம் கீழே இறங்க வேண்டும். வீட்டுத் தளம் தாழ்வாக இருந்தால் மாரியில் கழிவு திரும்பி வரும்.

என் கருத்து இதுதான்: ஒரே ஒரு அற்றாச் கட்டக் காசு இருக்கிறதென்றால் அதை மகன் அறைக்குக் கட்ட வேண்டாம். வயது போனவரின் அறைக்குக் கட்டுங்கள். இரவில் மூன்று தரம் எழும்புகிறவர் அவர். வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு. காலை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டரை அடிப் பாத்றூம் கதவு போதாது. நிலை கழித்து 32 அங்குலமாவது தெளிவாக இருக்க வேண்டும், ஆகவே 3 அடிக் கதவு. உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம். படி வைக்காமல் சின்னச் சரிவோடு விட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உட்பக்கம் திறக்கிற கதவென்றால், ஒருவர் உள்ளே விழுந்தால் தள்ளித் திறக்க முடியாது. இன்னொருவர் தூக்கிக்கொண்டு போய் இருத்துகிற நிலைமையை ஒரு மனிதருக்குக் கொடுக்காமல் இருக்க 6 அங்குலம் அகலமான நிலை போதுமென்றால் அந்தக் காசைக் குறைக்கவே கூடாது.

இரண்டு அறைக்கு நடுவே ஒரு பாத்றூம், இரண்டு பக்கமும் கதவு என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒருவர் மறுபக்கத் திறாங்கைப் போட மறப்பார், இன்னொருவர் எடுக்க மறப்பார். இரண்டும் அடிக்கடி நடக்கும். போனில் படம் காட்டி, படுக்கையறைக்கும் குளியலுக்கும் நடுவே கண்ணாடி மட்டும் போதும் என்று கேட்கிற வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கும் இதே பதில்தான். பிள்ளைகளும் பெரியாட்களும் கூடி இருக்கிற வீட்டில் அது சரிவராது.

மிச்சம் இருப்பது பின்விறாந்தைக் கரை. நான் அதிகம் கீறிக் கொடுப்பது இதைத்தான்.

அறைகளுக்குப் பின்னால் மூன்றரை அடி அகலத்தில் ஒரு நடை. அதன் வடமேற்குக் கரையில், ஒரே கூரையின் கீழ், கக்கூஸும் குளியலறையும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். கக்கூஸுக்கு 3 அடிக்கு 5 அடி, குளிக்க 5 அடிக்கு 5 அடி. காலையில் ஒருவர் குளிக்க ஒருவர் காத்து நிற்க வேண்டாம். கை கழுவுகிற தொட்டி வெளியே விறாந்தையில். பின்விறாந்தைக்குக் கம்பிக் கதவு போட்டு இரவில் பூட்டிவிட்டால் முற்றத்தில் இறங்க வேண்டியதில்லை, பாம்புப் பயமும் யானைப் பயமும் குறையும், நடையில் ஒரு சின்ன லைட் எரிந்தால் பிள்ளை தனியாகப் போய்வரும். யாருடைய அறைக்குள்ளாலும் யாரும் போக வேண்டாம். வருகிற விருந்தாளியும் கூசாமல் போகலாம். சத்தமும் மணமும் கரையோடு நிற்கும். சாமி அறைச் சுவரும் தள்ளி இருக்கும், பெரியாட்களுக்கும் மனக்குறை இல்லை. குறை என்றால், நள்ளிரவில் தம்பதிகள் அறைக் கதவைத் திறந்து வெளியே வரத்தான் வேண்டும். நடை கோலில் முட்டாமல் அறைகளின் பின்பக்கக் கதவோடு நேரே சேர்ந்தால் அந்தக் குறையும் பாதி தீர்ந்துவிடும்.

ஒட்டுசுட்டானில் கடைசியில் கடதாசியைச் சுருட்டி வைத்துவிட்டு நிலத்தில் நூல் பிடித்தேன். நாலு முளை அடித்து, அறை எது, நடை எது, கதவு எது என்று சுண்ணாம்பால் கோடு போட்டேன். அம்மாவின் கட்டில் வருகிற இடத்தில் ஒரு வாங்கைப் போட்டு அவரை இருக்கச் சொன்னேன். எழும்பி நடந்தார். பதினொரு எட்டு. "இவ்வளவுதானே," என்றார். திரும்பவும் ஒருமுறை நடந்து பார்த்தார். வீட்டுக்குள்தான் வருகிறது என்பதை அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

மருமகள் அதற்குள் கோல் பக்கம் போய், கதிரை போடுகிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகனை நடையின் கரையில் நிற்கச் சொன்னார். அவர் தோள் தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணை, அந்தக் கதவை இன்னும் ஒரு அடி அங்கால தள்ளுங்கோ."

முளையைப் பிடுங்கி ஒரு அடி தள்ளி அடித்தேன்.