வேலைக்கும் செப்பாங்குக்கும் ஒரே கார்: சுவிஃப்ட் ஸ்போர்ட்டுடன் என் நீண்டகால அனுபவம்

சிங்கப்பூரில் மரினா பே வீதிகளில் ஆண்டுதோறும் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தாலும், நம்மைப் போன்றவர்கள் சொந்தக் காரை ஓட்டிப் பழகுவதற்கு நிரந்தரப் பந்தயத்தடம் இங்கு இல்லை. அதனால் பலரையும் போல நானும் மலேசியாவின் செப்பாங் தடத்துக்குப் போய்வருகிறேன். என்னிடம் இருப்பது 1.6 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர்களும் கொண்ட பழைய சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். வார நாள்களில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தைக்கும் போகிற அதே கார், நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தடத்தில் பகல் முழுவதும் உழைத்துவிட்டு, பத்திரமாக வீடும் திரும்ப வேண்டும். இதில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தத் திரும்பும் பயணத்தை மனத்தில் வைத்தே முடிவுசெய்தேன்.

தொடக்கத்தில் எஞ்சின் சக்தியைக் கூட்டுவது பற்றிக் கேட்டபோது, காக்கி புக்கிட்டில் என் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்பதைச் செப்பாங்கில் ஓட்டியவர்கள் அறிவார்கள். 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் காரின் வேகத்தை ஏறக்குறைய முழுவதுமாக இறக்கியாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கக்கூடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் புதிய ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்கிறேன்.

பிரேக் சூடேறிச் சோர்வதில் இரண்டு விதங்கள் உண்டு; அவற்றைக் காலாலேயே பிரித்தறியப் பழகிக்கொள்வது நல்லது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, பெடல் பஞ்சுபோல் அமுங்கிக் கீழே போகும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறிப் பிடிமானத்தை இழந்தாலோ, பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும். ஆனால் கார் நிற்க மறுக்கும். இரண்டாவதற்காக, சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான, வெப்பம் தாங்கும் பேட்களைப் பொருத்தினேன். காலையில் புளோக்கின் கார்நிறுத்துமிடத்தை விட்டு வெளிவரும்போது அவை கீச்சிடுகின்றன, சக்கரங்களில் கரும்பொடியும் படிகிறது. பல ஆண்டுகளாக ஓட்டிய பிறகும் அந்த இரண்டையும் மனமொப்பி ஏற்றுக்கொள்கிறேன். ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி, நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது இன்றுவரை என் வழக்கம். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் இறுகப் பற்றியிருந்தால் இரண்டுக்குமே கேடு.

டயரில் பெருஞ்செலவு தேவைப்படவில்லை. காலையில் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐ வைத்தால், சில சுற்றுகளுக்குப் பிறகு அது 38க்கு மேல் போய்விடுகிறது. உடனே இறங்கி அளந்து, காற்றைக் குறைக்கிறேன். எவ்வளவு குறைப்பது என்பதற்கு டயரின் தோள்பட்டையில், அதாவது தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் விளிம்பில், சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பக்கச்சுவரில் உள்ள சிறு முக்கோணக் குறியைத் தாண்டிச் சாக்பீஸ் அழிந்திருந்தால் டயர் அதிகமாக மடிகிறது, காற்று போதவில்லை. குறிக்கு வெகுமுன்பே கோடு அழியாமல் நின்றால் காற்று மிகுதி. செப்பாங்கில் வலஞ்சுழியாக ஓட்டுவதால் இடதுபக்க முன்டயர்தான் முதலில் தேய்கிறது. வீடு திரும்புமுன் அதை விரலால் தடவிப் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை.

எஞ்சின் ஆயில் மேல்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குகிறேன். பின்பெட்டியில் உருளக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுகிறேன்.

டர்போ, மாற்று எக்ஸாஸ்ட் போன்றவற்றின் பக்கம் போகவேயில்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, குறித்த கால இடைவெளியில் வரும் பரிசோதனை ஆகியவை ஒரு காரணம். புதிதாகப் பழகுபவருக்குக் கூடுதல் சக்தியால் வளைவில் எந்தப் பயனும் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்தப் பணத்தில் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சில செஷன்கள் ஓட்டுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. காப்புறுதியை மட்டும் அவசியம் படித்துப் பாருங்கள்: வழக்கமான மோட்டார் காப்புறுதிகள் பந்தயத்தடத்தில் நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

எல்லையைக் கடக்க, வெளிநாட்டு வாகனங்கள் மலேசியாவுக்குள் நுழைவதற்கான விஇபி அனுமதியும், சிங்கப்பூரை விட்டுப் புறப்படும்போது முக்கால் டாங்க் எரிபொருளும் வேண்டும். செப்பாங்கை நெருங்கும்போது டாங்க் பெரிதும் குறைந்திருக்கும். வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் திணறாமலிருக்க, வழியிலேயே ரான் 97 ரகப் பெட்ரோலை நிரப்பிக்கொள்கிறேன். ரான் 95ஐ வெளிநாட்டுப் பதிவுக் கார்களுக்கு அங்கே விற்பதில்லை.

தற்போது இடதுபக்க முன்சக்கரத்திலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கிறது. சக்கரம் சுழலத் தாங்கும் பேரிங்காக இருக்கும் என்கிறார் மெக்கானிக் அண்ணன். அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு பக்கமும் மாற்றிவிடப் போகிறோம்.