இரட்டை ரோட்டாரா, ஒற்றை ரோட்டாரா: ஆட்டம் வந்தால் எதைக் கழற்றுவது?

புதிதாக ரிமோட் ஹெலிகாப்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எது ஆடாமல் நிற்கும் என்பதுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார் (சுழலும் பிளேடுத் தொகுதி) எதிரெதிராகச் சுற்றுகிற கோஆக்ஸியல்தான் நிற்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஹாலுக்குள் ஓட்டுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். ஆனாலும் நான் என்னுடையதை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு, ஆறு அச்சு ஜைரோ (சாய்வை உணர்ந்து தானே சமன்செய்கிற கருவி) உள்ள நான்கு சேனல் ஒற்றை ரோட்டாருக்கு மாறிவிட்டேன். மேலே ஒரே ரோட்டார், வாலில் சின்ன டெயில் மோட்டார்; ஏற்றம், திருப்பம், முன்பின், பக்கவாட்டு என நான்கு கட்டுப்பாடு. கோளாறு எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான் காரணம்.

கோஆக்ஸியல் காட்டிக்கொடுக்காது. சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரில் ஒருமுறை இடித்த பிறகு, ஆட்டுக்கல் குழவி மாதிரி ஒரே இடத்தில் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தது. மேலே குறுக்கே இருக்கிற சமநிலைக் கம்பியான ஃப்ளைபாரின் லிங்க் (இணைப்புக் கண்ணி) இறுகினாலும் இப்படித்தான் சுற்றும், மேல் பிளேடு நெளிந்தாலும் ஆட்டம் வரும், உள் ஷாஃப்ட் (ரோட்டாரைச் சுழற்றும் தண்டு) வளைந்தாலும் வரும். அந்த உள் ஷாஃப்ட் வெளிக்குழாய்க்குள் நுழைந்து போகிறது, அதைப் பார்க்க வேண்டுமென்றால் தலை முழுவதையும் பிரிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. உள் ஷாஃப்ட்தான் மயிரிழை வளைந்திருந்தது, மாற்றினேன். மறுபடி பூட்டிப் பறக்கவிட்டால் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறது, ஏனென்றால் இரண்டு மோட்டாரில் ஒன்று தேய்ந்துவிட்டது. “மாமா, இது ஏன் இப்படி சுத்துது?” என்று அக்கா மகன் இன்னும் போன் செய்கிறான். போதாக்குறைக்கு, விலை குறைந்த மூன்று சேனல் வகைகளில் பக்கவாட்டு நகர்வே கிடையாது, இடதுபுறம் இழுத்தால் டிரிம் (ரிமோட்டில் உள்ள நுண்சரிசெய்யும் பொத்தான்) வைத்துச் சரிசெய்ய வழியில்லை.

ஒற்றை ரோட்டாரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு. த்ராட்டில் (மோட்டார் வேகம்) ஏற்றும்போது மட்டும் மூக்கு திரும்பினால் டெயில் பக்கம் பாருங்கள். முதலில் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் வரை முழுதாக ஏறிய பேட்டரியைப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்போதும் திரும்பினால் பெரும்பாலும் டெயில் மோட்டார். உடம்பு முழுக்க நடுங்கினால் பிளேடு அல்லது மெயின் ஷாஃப்ட். ஷாஃப்டை உருவி டீப்பாய்க் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு உடனே தெரிந்துவிடும், இரண்டு நிமிட வேலை. பிளேடு ஸ்க்ரூவை இறுக்கித் தொலைக்காதீர்கள், பிளேடு தானாக அசைந்து நேராகிக்கொள்ளும் அளவுக்குத் தளர்வு வேண்டும். நான் ஆரம்பத்தில் ‘கழன்றுவிடுமே’ என்று பயந்து இறுக்கியே பாதி நடுக்கத்தை வாங்கினேன்.

மீதி நடுக்கத்துக்குக் காரணமான எடை விஷயம்தான் வெகுநாள் பிடிபடவில்லை. வெளியில் பார்க்க இரண்டு பிளேடும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தெரிந்தவர் ஒருவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், சேலத்தில் இருப்பதற்கு இந்த ஒரு வசதியாவது உண்டே. அவருடைய வெள்ளித் தராசில் வைத்ததும் ஒன்று 60 மில்லிகிராம் குறைவு, நுனி தேய்ந்த பிளேடு. எடை குறைந்ததில் செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டினேன், தராசு சமமானது, நடுக்கம் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே, “இதுக்குப் போய் தராசா?” என்றார்.

ஜைரோவுக்கு ஒரு குணம் உண்டு. பேட்டரி இணைத்ததும் சமதளத்தில் வைத்துவிட்டு, விளக்கு நிலைக்கும்வரை தொடக்கூடாது. ஏற்காட்டில் சரிவான ரோட்டோரம் வைத்து ஆன் செய்தேன், அந்தச் சாய்வையே மட்டம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பியதும் ஒரு பக்கமாக ஓடியது. அங்கே இன்னொன்றும் கவனித்தேன். சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் கீழே பாதி த்ராட்டிலில் நின்றது அங்கே கூடுதலாகக் கேட்கிறது. அதைக் கோளாறு என்று நினைத்து டிரிம்மை நோண்ட வேண்டாம்.

தரையை ஒட்டி மிதக்கவிடுவது எந்த வகையிலும் தப்பு, தன் காற்றிலேயே தடுமாறும். நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

பிளேடின் கோணத்தையே மாற்றுகிற கலெக்டிவ் பிட்ச் வகையை ஒரே ஒரு மாலை, நண்பருடையதை வாங்கி ஓட்டியதோடு சரி. கை நடுங்கியது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஒற்றை ரோட்டாரில் குறையும் இருக்கிறது. டெயில் மோட்டார் தேய்கிற சாமான், விழுந்தால் வால்குழாய் முதலில் உடையும். நான் கேட்ட கடைகளில் உதிரி கிடைக்கவில்லை, ஆன்லைனில் போட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். வாங்கும்போதே டெயில் மோட்டார் இரண்டு, மெயின் ஷாஃப்ட் ஒன்று, பிளேடு இரண்டு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள்.